நோயைக் கேட்டார்கள், பசியைச் சொன்னார்கள்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டமொன்றில் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



ஏழைக்கு வைத்தியம் கிடைப்பது பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தீர்கள். ஆஸ்பத்திரி தூரம், டாக்டர் இல்லை, மருந்து விலை அதிகம் என்று நான் அடுக்கிக்கொண்டே போவேன் என நினைத்திருப்பீர்கள். அந்தக் குறைகள் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நடந்த ஒரு வரலாற்றைச் சொல்லப் போகிறேன்.

பஞ்சை நூலாக்கும் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். வயலில் களை வெட்டிக் கூலி வாங்கும் தோழர்களும் இருக்கிறீர்கள். பஞ்சு விளையும் ஒரு சீமையில், உங்களைப் போன்ற உழைப்பாளிகள் தங்கள் நோயைத் தாங்களே கணக்கெடுத்து, அதன் வேரைத் தாங்களே கண்டு, வைத்தியசாலையைத் தங்கள் கைக்குக் கொண்டுவரப் போராடினார்கள். அந்த வரலாறுதான் இது.

பஞ்சு மலிந்த மண்ணில் பசி

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாகாணம். அங்கே டெல்டா என்று சொல்லப்படும் கரிசல் சமவெளி. அதில் பொலிவர் என்று ஒரு ஜில்லா. நிலம் வெள்ளைப் பண்ணையாருக்கு. உழைப்பு கறுப்பின மக்களுக்கு. அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும், வாரத்துக்கு உழுது, கணக்குப் பார்க்கும் நாளில் கடனாளியாகவே வீடு திரும்பியவர்கள் அவர்கள். அந்த ஜில்லாவில்தான் விடுதலை பெற்ற அடிமைகள் 1887ல் காட்டை வெட்டித் தங்களுக்கென்று ஓர் ஊரை உண்டாக்கினார்கள். அதன் பெயர் மவுண்ட் பையூ.

பஞ்சு எடுக்கும் இயந்திரம் வந்தது. ஆட்கள் குறைக்கப்பட்டார்கள். மிச்சமிருந்தது களை வெட்டும் வேலை. நாளெல்லாம் வெட்டினால் மூன்று டாலர் கூலி. 1967 பிப்ரவரியில், விவசாயக் கூலிக்கும் மணிக்கு ஒரு டாலர் குறைந்தபட்சம் தர வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. பண்ணையார்கள் என்ன செய்தார்கள்? கூலியை உயர்த்தவில்லை; களைக்கொல்லி மருந்தைத் தெளித்து ஆட்களை அனுப்பிவிட்டார்கள். சட்டம் காகிதத்தில் நின்றது. குடிசையில் அடுப்பு அணைந்தது.

இலவசமாக வந்துகொண்டிருந்த சர்க்கார் தானியமும் பல இடங்களில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக உணவுச் சீட்டு வந்தது. அந்தச் சீட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்! வேலையே இல்லாதவனிடம் காசு ஏது? 1967 ஏப்ரலில் ராபர்ட் கென்னடி முதலிய செனட் உறுப்பினர்கள் இந்தக் குடிசைகளுக்குள் நுழைந்து, வயிறு காய்ந்த குழந்தைகளைக் கண்டார்கள். உலகத்திலேயே பணக்கார நாட்டில் நடந்தது இது.

சந்தாவால் எழுந்த ஆஸ்பத்திரி

இந்த மக்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர்களா? இல்லை. 1942ல் டேபர் சங்கம் என்ற அவர்களுடைய பரஸ்பர உதவிச் சங்கம் மவுண்ட் பையூவில் ஓர் ஆஸ்பத்திரியைத் திறந்தது. உறுப்பினர் வருஷத்துக்கு 8 டாலர் 40 சென்ட் சந்தா கட்டினால் 31 நாள் வரை படுக்கையும், ஆபரேஷன் உள்பட வைத்தியமும் கிடைத்தன. வேறு ஆஸ்பத்திரிகளில் பக்கவாட்டுக் கதவு வழியே விடப்பட்ட மனிதர்கள் இங்கே முன்வாசல் வழியே தலைநிமிர்ந்து நடந்தார்கள்.

வாரக் குடியானவரும் கூலியாட்களும் கட்டிய சந்தாவில் நின்ற ஆஸ்பத்திரி அது. ஆனால் வேலை போனவன் சந்தாவை எதிலிருந்து கட்டுவான்? 1960களில் அது நலிந்தது. ஒற்றுமை இருந்தது, கூலி இல்லை. கூலி இல்லாத இடத்தில் ஒற்றுமை மட்டும் மருந்து வாங்கித் தராது. இதை நாம் மறக்கக் கூடாது.

பொலேலா கற்பித்த பாடம்

இங்கே கடல் தாண்டி இன்னொரு நாட்டுக்கு உங்களை அழைத்துப் போக வேண்டும். மவுண்ட் பையூவுக்கு வந்த யோசனை பிறந்த இடம் அது. தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் பொலேலா என்ற ஜூலு மக்களின் கிராமப்புறம். ஆண்கள் தங்கச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் பிழைக்கப் போய், க்ஷயத்தையும் மேகநோயையும் சுமந்து திரும்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் தேய்ந்துபோன மண்ணில் சோளத்தை மட்டும் நம்பிக் கிடந்தார்கள்.

1940ல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதியர் அங்கே ஒரு சுகாதார நிலையத்தைத் தொடங்கினார்கள். எட்வர்ட் ஜாலி, அமேலியா ஜாலி என்ற ஆப்பிரிக்கத் தம்பதியர் அவர்களோடு தோள் கொடுத்தார்கள். நோயாளி வரட்டும் என்று இவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. அந்தப் பகுதி மக்களையே பயிற்றுவித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பினார்கள். யார் பிறந்தார், யார் இறந்தார், என்ன சாப்பிட்டார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். எடுத்த கணக்கைப் பெட்டியில் பூட்டாமல் மக்களிடமே திரும்பச் சொல்லி விவாதித்தார்கள். அதிலிருந்து காய்கறித் தோட்டம் வந்தது. விதை கூட்டாக வாங்குவது வந்தது. குழிக் கக்கூஸ் வந்தது. பள்ளியில் குழந்தைகளுக்கு உணவு வந்தது. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 1942ல் 275 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 1950ல் அது 100 ஆகக் குறைந்தது.

டர்பன் நகரில் கார்க் தம்பதியர் விரிவாக்கிய பணி, இந்தியர் குடியிருப்புகளிலும் நடந்தது. கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர் வழிவந்தோர் வாழும் நகரம் அது.

இந்த வெளிச்சத்தை அணைத்தது யார்? 1948ல் ஆட்சிக்கு வந்த நிறவெறி சர்க்கார். நாடெங்கும் எழுந்திருந்த ஏறத்தாழ 40 நிலையங்களின் திட்டம் சிதைக்கப்பட்டது. கார்க் தம்பதியர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். ஆனால் 1957ல் ஜாக் கைகர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர் அங்கே ஐந்து மாதம் தங்கிப் பாடம் கற்றுப் போயிருந்தார். 1964ல் கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டத்துக்குத் துணையாக மிசிசிப்பிக்குச் சென்றபோது, தாம் ஆப்பிரிக்காவில் கண்ட வறுமையைத் தம் சொந்த நாட்டிலேயே கண்டார்.

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று

கைகரும் கவுண்ட் கிப்சன் என்ற டாக்டரும், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் வழியாக, வறுமை ஒழிப்புக்கான மத்திய சர்க்கார் பணத்தைக் கொண்டு மவுண்ட் பையூவில் ஒரு சுகாதார நிலையம் அமைக்க முன்வந்தார்கள். 1967 நவம்பரில் அது வேலையைத் தொடங்கியது.

கட்டிடத்துக்கு முன்னால் மனிதர்களிடம் போனார் ஜான் ஹாட்ச் என்ற கறுப்பின ஊழியர். வீடுகளிலும் மாதா கோவில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கூட்டம் போட்டார். கிராமத்து மருத்துவச்சிகளிடம் பேசினார். உங்களுக்கு என்ன வைத்தியம் தேவை என்பது கேள்வி. வந்த பதில் என்ன? சாப்பாடு வேண்டும். வேலை வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும். ஒழுகாத வீடு வேண்டும். வைத்தியம் அதற்குப் பிறகுதான் வந்தது!

படித்தவர்களில் சிலர் இதைக் கேட்டால், பாமர மக்கள் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை என்பார்கள். தோழர்களே, அவர்கள் கேள்வியைப் புரிந்துகொண்டார்கள். கேட்டவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அழுக்குத் தண்ணீர் குடித்து வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு மருந்து கொடுத்து, அதே தண்ணீருக்குத் திருப்பி அனுப்புவது எந்த வைத்தியம்?

மருந்துச் சீட்டில் பாலும் இறைச்சியும்

நிலையத்து டாக்டர்கள் பசியால் மெலிந்த குழந்தைகளைப் பார்த்தார்கள். மருந்துச் சீட்டை எடுத்து இவ்வளவு பால், இவ்வளவு இறைச்சி, இவ்வளவு காய்கறி, பழம் என்று எழுதினார்கள். கறுப்பின வியாபாரிகளின் மளிகைக் கடைகள் அந்தச் சீட்டுக்குச் சாமான் கொடுத்தன. கடைக்கான பணம் நிலையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து போயிற்று.

மாகாண கவர்னருக்கு ஆத்திரம் வந்தது. வாஷிங்டனிலிருந்து அதிகாரி வந்தார். மருந்துக்குக் கொடுத்த பணத்தை மளிகைக்குச் செலவிடலாமா என்று கேட்டார். சத்துக் குறைவு என்ற நோய்க்கு வைத்திய நூல்களில் கண்டுள்ள மருந்து உணவுதான் என்று கைகர் பதில் சொன்னார். அதிகாரியால் மறுக்க முடியவில்லை. திரும்பிப் போனார்.

ஆனால் தினமும் சீட்டு எழுதியே ஒரு ஜில்லாவுக்குச் சோறு போட முடியுமா? முடியாது என்பது மக்களுக்கும் தெரியும். 1968ல் ஒரு கூட்டுறவுப் பண்ணையை உண்டாக்கினார்கள். ஏறத்தாழ 1000 குடும்பங்கள் தங்கள் உழைப்பை ஒன்றாக்கின. பஞ்சு போட்டு வந்த மண்ணில் காய்கறி விளைந்தது. பிறருடைய லாபத்துக்காகப் பஞ்சு எடுத்த கை, தன் குழந்தைக்காக அவரை பறித்தது. தலைமுறை தலைமுறையாக விவசாயம் அறிந்தவர்களுக்கு யார் பாடம் சொல்ல வேண்டும்? நிலம்தானே தேவைப்பட்டது!

இதோடு நிற்கவில்லை. கிணறு தோண்டினார்கள், கக்கூஸ் கட்டினார்கள், நிலையத்துக்கு வந்து போக பஸ் விட்டார்கள். நிலையத்தின் பணத்தைப் போடும் பாங்கு, மவுண்ட் பையூவில் கிளை திறந்து கறுப்பினத்தவரை வேலைக்கு வைக்க வேண்டும் என்று சொல்லி, அதைச் சாதித்தார்கள். இரவுப் பள்ளி நடத்தினார்கள். களை வெட்டியவர்களின் பிள்ளைகள் நர்சுகளானார்கள், டாக்டர்களும் ஆனார்கள்.

சாவி யார் கையில்?

இனி முக்கியமான விஷயம். பத்து ஊர்களில் மக்கள் சுகாதாரச் சங்கங்கள் அமைத்தார்கள். அவை சேர்ந்து வடக்கு பொலிவர் சுகாதாரக் கவுன்சில் ஆயிற்று. ஆலோசனை சொல்லிவிட்டுக் கலைந்து போகும் சபையாக இருக்க அது சம்மதிக்கவில்லை. பல்கலைக்கழகம் நல்ல எண்ணத்தோடு வந்ததுதான். ஆனாலும் நிர்வாகம் எங்களிடம் வர வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். நல்ல எண்ணம் படைத்தவரிடமிருந்தும் அதிகாரத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய அனுபவங்களின் அழுத்தத்தால், 1975ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மத்திய சர்க்கார் பணம் பெறும் சமுதாய சுகாதார நிலையத்தின் நிர்வாகக் குழுவில், அங்கே வைத்தியம் பெறுகிறவர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். இன்று அந்நாட்டில் 1,300க்கு மேற்பட்ட இத்தகைய அமைப்புகள் 3 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு வைத்தியம் பார்க்கின்றன. மவுண்ட் பையூ நிலையம் இன்றும் இருக்கிறது.

எல்லாம் வெற்றி என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். மக்கள் கட்டிய பழைய ஆஸ்பத்திரி, வேறு பெயரில் சர்க்கார் பணத்தால் நடந்து, 1983ல் மூடப்பட்டது. டெல்டாவில் வறுமை இன்றும் தீரவில்லை. நிலம் பெரும்பாலும் அதே கைகளில் இருக்கிறது. சுகாதார நிலையம் நிலப்பிரச்னையைத் தீர்க்காது. ஆனால் நிலப்பிரச்னையும் கூலிப் பிரச்னையும்தான் நோயின் வேர் என்பதை எண்ணிக்கையோடு நிரூபிக்கும் கருவியாக அது ஆகலாம்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஆராய்ச்சி என்றால் நமக்கு ஒரு சந்தேகம் உண்டு. யாரோ வருகிறார், கேட்கிறார், எழுதுகிறார், போகிறார். இருமல் நம்முடையது, பட்டம் அவருடையது. அதற்காக ஆராய்ச்சியே வேண்டாம் என்று கதவைச் சாத்தினால் நஷ்டம் நமக்குத்தான். கணக்கு இல்லாத இடத்தில் குழந்தை செத்தால் அது விதி என்று முடிந்துவிடும். கணக்கு இருந்தால் அதே சாவு குற்றச்சாட்டு ஆகும்.

ஆகவே, உங்கள் லயனுக்கோ தெருவுக்கோ கணக்கெடுக்க வருகிறவரை உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளை எங்களோடு சேர்ந்து தீர்மானிப்பீர்களா? எடுத்த கணக்கை எங்கள் கூட்டத்துக்குக் கொண்டு வந்து படித்துக் காட்டுவீர்களா? அதன்மேல் நடக்கும் காரியத்தில் முடிவு செய்யும் உரிமை எங்களுக்கு உண்டா?

உண்டு என்று சொன்னால் அவரோடு வீடு வீடாகப் போங்கள். இல்லை என்று சொன்னால், உங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணையோ பையனையோ நோட்டுப் புத்தகத்தோடு அனுப்புங்கள். யாருக்கு இருமல், யாருக்குக் காய்ச்சல், எந்தக் கிணற்றுத் தண்ணீர், அந்த வாரம் எத்தனை நாள் வேலை, எத்தனை வேளை சோறு என்று எழுதட்டும். அந்த நோட்டை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.