கூட்டை விட்டுப் பறந்த பிறகு
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவென்றால் திருக்குறளைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் இன்று ஒரு பறவையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதன் பெயர் விராலடிப்பான். பெரும்பாலும் மீனையே தின்னும் பெரிய பருந்து. சிறகை விரித்தால் ஐந்தடி இருக்கும். தண்ணீரில் மீனைக் கண்டதும் காலை முன்னே நீட்டிக்கொண்டு விழும். வழுக்குகிற மீனைப் பிடிப்பதற்கென்றே அதன் பாதத்தில் முள்முள்ளாக இருக்கிறது. ஆண்டுக் கடைசியில் ஆசியாவின் வடக்கிலிருந்து நம் நாட்டுக் கடற்கரைகளுக்கும் ஏரிகளுக்கும்கூட இது வருவதுண்டு.

நான் சொல்ல வந்தது ஸ்காட்லாந்துக் கதை. அங்கே வேட்டைக்காரர்களும் முட்டை திருடுகிறவர்களும் சேர்ந்து இந்த இனத்தையே ஒழித்துவிட்டார்கள். 1916-க்குப் பிறகு கூடு கட்ட ஒரு ஜோடிகூட இல்லை. 1954-இல் மீண்டும் வந்தன. கார்ட்டன் ஏரிக்கரையில் ஒரு ஜோடி கூடு கட்டியது. 1958-இல் ஒரு திருடன் இராத்திரியில் மரமேறி முட்டைகளை எடுத்துவிட்டு, கோழிமுட்டைக்குச் சப்பாத்து மை பூசிக் கூட்டில் வைத்துவிட்டுப் போனான்! மறு ஆண்டு மரத்தைச் சுற்றி முள்கம்பி கட்டி, இரவும் பகலும் காவல் இருந்தார்கள். 1959-இல் மூன்று குஞ்சுகள் பறந்தன. அதைப் பார்க்க ஆயிரக்கணக்கான மக்கள் வந்தார்கள். இன்று அந்நாட்டில் 200 ஜோடிகளுக்கும் மேல் இருக்கின்றன. பாதுகாத்தால் பெருகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இனிமேல்தான் முக்கியமான விஷயம். பெற்றோர்களே, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

முட்டை பொரித்து ஐம்பது நாளுக்கு மேல் ஆனதும், ஜூலை மாதத்தில் குஞ்சு முதன்முதலாகப் பறக்கிறது. அதற்கு முன்னால் கூட்டின் விளிம்பில் நின்று பல நாள் சிறகடித்துப் பழகும். பறந்துவிட்டது, சரி. "அப்பாடா, நம்ம கடமை முடிஞ்சது" என்று தகப்பன் பறவை போய்விடுகிறதா? இல்லை! பறக்கத் தெரிந்த குஞ்சுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. ஆகவே இன்னும் பல வாரம் தகப்பன் மீன் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆகஸ்டில் பெரும்பாலும் தாய் முதலில் தெற்கே புறப்படும். பிறகு குஞ்சுகள் ஒவ்வொன்றாய்ப் போகும். சாப்பிடக் குஞ்சு இல்லை என்றான பிறகுதான் தகப்பன் கிளம்பும்.

அந்தக் குஞ்சு தன்னந்தனியாகக் கடலையும் சகாராப் பாலைவனத்தையும் தாண்டி, ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் பறந்து, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகல், காம்பியா நாடுகளுக்குப் போய்ச் சேருகிறது. வழிகாட்ட யாருமில்லை. திசை அதன் இரத்தத்திலேயே இருக்கிறது. ஆனால் தெம்பு? அது தகப்பன் கொடுத்த மீனில் வந்த தெம்பு. வழியில் மடிகிற குஞ்சுகளும் நிறைய. பிழைத்தவை இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் பிறந்த நாட்டுக்கே திரும்பி வருகின்றன.

நான் ஏன் இதைச் சொல்கிறேன்? நம்மில் பலர், ஆறாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளை பறந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஆபத்தே அப்போதுதான் ஆரம்பம்.

என் கதையையே சொல்கிறேன். தோட்டப் பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவன் நான். டவுன் பள்ளிக்கூடத்தில் பாஷை புரியாமல் மூன்று மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள், "அம்மா, நான் வேலைக்கே போயிடுறேன்" என்று அழுதேன். அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் சீவிவிட்டு வந்த உடம்பு. "நீ படிடா, நான் பக்கத்துல உட்காந்திருக்கேன்" என்றார். அன்று முதல் ஒவ்வோர் இரவும் மண்ணெண்ணெய் விளக்கருகே தூங்கி விழுந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்குக் கிடைத்த மீன்!

ஆகவே பெற்றோர்களே, படிவம் ஒன்றுக்குப் போன பிள்ளையிடம் தினமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இன்னைக்கு என்ன படிச்சே?" புரிகிறதோ இல்லையோ, கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் அரை நாள் லீவு போட்டாவது போங்கள்.

மாணவ மணிகளே, இன்று பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் கேளுங்கள். பாதை நீண்டது, தனியாகத்தான் பறக்க வேண்டும். பயம் வேண்டாம். எங்கே பறந்தாலும், பிறந்த கூட்டை மறவாமல் ஒருநாள் திரும்பி வாருங்கள்.

வளர்க நம் பள்ளி! வாழ்க தமிழ்!