பிரஜா சபையில் அய்யன்காளி கேட்ட கணக்கு

(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சட்டமன்றம் என்றவுடன் நம் இளைஞர்கள் சென்னையை நினைப்பது இயல்பே. ஆனால் 1956 நவம்பர் 1ஆம் நாள்வரை நம் தோவாளையும் அகத்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூர் மண்ணாகவே இருந்தன. ஆகவே நம்முள் ஒருவரே நமக்காக அரசவையில் எழுப்பிய முதற்குரலைத் தேடுவோமாயின், திருவனந்தபுரத்திற்கே செல்ல வேண்டியிருக்கிறது. அக்குரல் வெங்ஙானூர் அய்யன்காளியுடையது. 1893இல் அவர் வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் சென்ற வீரத்தை மேடைதோறும் பேசி மகிழ்கிறோம். அவர் சபையில் எழுந்து நின்று என்ன கேட்டார் என்பதைப் பேசுவோர் மிகச் சிலர். இன்று அதனையே பேச விரும்புகிறோம்.

ஸ்ரீமூலம் பிரஜா சபை 1904இல் தொடங்கியது. நிலவரி மிகுதியாகச் செலுத்துவோரும் வணிகரும் ஆண்டுக்கொருமுறை கூடி, திவானின் முன் குறைகளை எடுத்துரைத்துச் செல்லும் சபை அது. வரவு செலவுத் திட்டத்தின் மீது வாக்களிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. நம்மவர்க்கோ நிலமே இல்லை. ஆகவே நிலவரிக் கணக்கில் பெயரும் இல்லை. ‘சுபாஷிணி’ இதழின் ஆசிரியர் பி. கே. கோவிந்தப் பிள்ளைதான் முதலில் நம் மக்கள் சார்பில் அங்கே பேசினார். அவர் செய்த பெரிய காரியம், அம்மக்களிடமிருந்தே ஒருவரை நியமிக்குமாறு அரசை வேண்டியதாகும். தம் இருக்கையைப் பிறர்க்குத் தேடித்தரும் உறுப்பினரை எக்காலத்திலும் காண்பது அரிது. திவான் ராஜகோபாலாச்சாரி 1911இல் அய்யன்காளியை நியமித்தார். எழுத்தறியாத அவர், 1912இல் விக்டோரியா ஜூபிலி மண்டபத்தினுள் உறுப்பினராய் நுழைந்தார்.

அங்கே அவர் அனுதாபம் கேட்கவில்லை, நிலம் கேட்டார். தரிசாயும் காடாயும் கிடந்த அரசு நிலத்திற்குப் புதுவல் என்று பெயர். அதனைத் திருத்தி விளைநிலமாக்கியவர்கள் நம்மவர். பதிவு செய்துகொண்டவர்களோ பிறர். அந்நிலத்தை உழைப்பவர் பெயரில் பதிந்து தர வேண்டும் என்பதே அவர் வைத்த கோரிக்கை. குடும்பத்திற்கு ஒரு ஏக்கர் வீதம் 500 ஏக்கர் ஒதுக்கப்பட்டதாக அவர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர்.

அடுத்து அவர் கேட்டது பள்ளி. பள்ளிகளில் சேரலாம் என்ற ஆணை ஏற்கெனவே பிறந்திருந்தது. ஆணையை நம்பி, ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியின் கைபிடித்து அவர் சென்றபோது, அப்பள்ளிக்கே தீ வைத்தார்கள். ஊரூட்டம்பலம் நமக்குத் தொலைவான ஊர் அன்று. அது அந்நாளில் விளவங்கோட்டை அடுத்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருந்தது. ஆணை வேறு, அதனை நடத்திக் காட்டும் பணம் வேறு என்பதை அவர் அனுபவத்தால் அறிந்தார். ஆகவேதான் கட்டணச் சலுகையும் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவும் அரசு வேலையும் சபையில் மீண்டும் மீண்டும் கேட்டார்.

இக்கோரிக்கைகளின் எடையை அறிய வேண்டுமானால் அன்றைய கஜானாவைப் பார்க்க வேண்டும். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். 1906இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணையின் நீர் பாய்ந்த வயல்களில் நாற்று நட்டவர் யார், களை பறித்தவர் யார், கதிர் அறுத்தவர் யார் என்று இங்குள்ள முதியோரைக் கேளுங்கள். அவ்விளைச்சலின் வரி கஜானாவுக்குச் சென்றது. அதே கஜானாவின் செலவில்தான் பிராமணர்க்கு இலவசமாய்ச் சோறிட்ட ஊட்டுப்புரைகள் நடந்தன. கோயில்களையும் நிலவரித்துறையே நிர்வகித்தது. கோயிற் காரியம் கலந்த துறையாதலால், கோயிலுள் நுழையத் தகாதவர் என ஒதுக்கப்பட்டோர்க்கு அத்துறையின் வேலைகளும் மூடியிருந்தன. 1922இல் தேவஸ்வம் தனித்துறையான பிறகே அத்தடை தளர்ந்தது. ஊட்டுப்புரைக்குப் பணம் தந்த அரசிடம் பள்ளிப் பிள்ளைக்கு ஒருவேளைச் சோறு கேட்டதைப் பிச்சை என்று எவரேனும் சொல்வாராயின், அவர் கணக்கறியாதவர் என்போம்.

அய்யன்காளி 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சபையில் இருந்தார். காவாரிக்குளம் கண்டன் குமாரனும் பொய்கையில் யோகன்னானும் அங்கே வந்து சேர்ந்தனர். வாக்குரிமை இல்லாத சபையிற்கூட இவ்வளவு கேட்க முடிந்ததே என்று வியக்கிறோம்.

வாக்குரிமை இருந்த அவையின் செய்தியோ வேறு. கோயில்களைச் சூழ்ந்த சாலைகளை அனைவர்க்கும் திறக்கக் கோரி என். குமாரன் கொணர்ந்த தீர்மானம், 1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சட்டசபையில் 22க்கு 21 என ஒரே வாக்கில் தோற்றது. அதனாலன்றோ மறு ஆண்டே நம் சுசீந்திரத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காக டாக்டர் எம். இ. நாயுடு முதலியோர் சத்தியாக்கிரகம் செய்ய நேர்ந்தது! அதற்குச் சற்று முன்னர், 1924இல், சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை, பொதுக்கிணறு பற்றிய தீர்மானத்தைக் கொணர்ந்து வென்றிருந்தார். இன்றைய அரசியலமைப்பின் 15ஆம் பிரிவைப் படியுங்கள். அரசுப் பணத்தில் முழுமையாகவோ ஓரளவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பேரால் எவரையும் தடுத்தல் ஆகாது என்று அது கூறுகிறது. யாருடைய பணம் என்ற கேள்வி அங்கே சட்டமாகவே நிற்கிறது.

இளைஞர்களே, இது பழங்கதையன்று. நம் மக்கள்தொகை விகிதத்திற்கேற்ப நிதி ஒதுக்கும் சிறப்புக் கூறுத் திட்டம் 1979இல் தொடங்கியது. ஒதுக்கிய தொகை செலவாகாமல் திரும்புவதும், வேறு பணிக்கு மாறுவதும் நெடுங்காலக் குறை. அதனைத் தடுக்கும் நோக்குடன் 2024இல் தமிழக சட்டமன்றம் தனிச்சட்டமே இயற்றியுள்ளது. ஆயினும் சட்டம் தானாகக் கணக்குக் கேட்காது. 1937இல் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்தபோது, சாவதற்குமுன் தம் இனத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைக் காண வேண்டும் என்றார் எழுத்தறியாத அப்பெரியவர். இன்று இவ்வரங்கின் முதல் இரு வரிசைகளிலேயே அத்தொகைக்கு மேற்பட்ட பட்டதாரிகள் அமர்ந்திருக்கிறீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. நம் குடியிருப்புக்கு இவ்வாண்டு வந்த தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, எஞ்சியது எங்கே என்று அங்கே எழுந்து கேளுங்கள். விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.