பன்னிரண்டு பேருக்கு ஒருவர்

(மருத்துவமனை நன்றி ஆராதனையில் நமது மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



"ஐயா, மெதடிஸ்டு சபை என்று ஒன்று இருந்ததே, அது என்ன ஆயிற்று?" என்று நம் குடும்பங்களில் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. புதுவையில் இருந்துகொண்டு அதற்கு விடை தேட முடியாது. நம் ஊரில் மிஷன் வீதி என்றாலே சம்பா கோயில்தான். 1816-ல் ஆங்கிலேயர் இவ்வூரைப் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பி ஒப்படைத்தார்கள். மறு வருஷம் மெதடிஸ்டு மிஷனெரி ஒருவர் சோழமண்டலக் கரைக்கு வந்தபோது, அவர் ஊழியம் தொடங்கியது சென்னப்பட்டணத்தில். ஆகவே, மேல்சிகிச்சைக்கு நாம் அனுப்பும் நோயாளிகளைப் போல, நாமும் இன்று ராயப்பேட்டை வரைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு கடனைப் பற்றிச் சொல்கிறேன். காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு இது பிடிக்கும். டாக்டர் தாமஸ் கோக் என்பவர் ஆசியாவுக்கு மிஷன் கொண்டுபோக வேண்டும் என்று தம் சொந்தப் பணத்தையே கொடுக்க முன்வந்து, வாலிபப் போதகர்கள் சிலருடன் கப்பலேறினார். 1814 மே 3-ஆம் தேதி காலை, கரையைக் காணாமலே அவர் கப்பலில் மரித்துக் கிடந்தார். சரீரத்தைக் கடலிலே அடக்கம் பண்ணினார்கள். பணத்துக்கான ஏற்பாடெல்லாம் அவர் பேரில் இருந்தது. பம்பாயில் இறங்கிய அந்த வாலிபர்கள் கையில் ஒன்றுமில்லை. அங்கே இருந்த ஒரு கனவான், சங்கத்தின் பேரை நம்பி, வேண்டிய தொகையைக் கடனாகக் கொடுத்தார். அவருடைய குடும்பப் பெயர் மணி என்பது! ஆங்கிலத்தில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பணத்தில் பிரயாணம் தொடர்ந்து, ஜூன் 29-ஆம் தேதி அவர்கள் இலங்கையில் காலித் துறைமுகத்தை அடைந்தார்கள்.

அவர்களில் ஜேம்ஸ் லிஞ்ச் அயர்லாந்துக்காரர். யாழ்ப்பாணத்தில் ஊழியஞ்செய்துவந்த அவர் 1817-ல் சென்னைக்கு வந்தார். சென்னை மெதடிஸ்டு சபைக்குத் தாய்வீடு இங்கிலாந்து என்று பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் யாழ்ப்பாணம் என்பேன். தோட்டமும் துரவுமாக இருந்த ராயப்பேட்டையில் 1819-ல் ஒரு சிற்றாலயம் எழும்பிற்று. ஆனால் ஜனநெருக்கம் இருந்தது கோட்டைக்கு வடக்கே, கறுப்பர் நகரத்தில். ராயப்பேட்டையிலிருந்து அது மூன்று மைலுக்குக் குறையாது. ஆகவே மூன்றே வருஷத்தில், 1822-ல், பிராட்வேயில் இரண்டாவது ஆலயம் கட்டினார்கள். இன்று பிரகாசம் சாலை என்கிறோமே, அந்தத் தெருதான்.

இதற்கிடையில் 1820-ல் எலைஜா ஹூல் என்ற வாலிபர் வந்து சேர்ந்தார். அவர் வந்த தஞ்சாவூர் என்ற கப்பல் வழியில் மின்னல் தாக்கி எரிந்துபோயிற்று. உயிர் தப்பியது, புத்தகங்கள் எல்லாம் போயின. வெறுங்கையாய் வந்தவர் உட்கார்ந்து தமிழ் படித்தார். இரண்டு வருஷத்துக்குள், 1822-ல், தமிழ் வேதாகமத்தைத் திருத்தும் குழுவிலே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பட்டணம் வளர்ந்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து மேற்கே ரயில் ஓடத் தொடங்கியது. மிஷனும் திருவள்ளூர்ப் பக்கம் கிராமங்களுக்குப் போயிற்று. அங்கே ஈக்காட்டில் ஊழியஞ்செய்த வில்லியம் கௌடி, சேரி மக்களுக்கு நிலம் கிடைக்காமற் போவதைக் கண்டு, பிரசங்கத்தோடு நின்றுவிடாமல் அரசாங்கத்தோடும் வாதாடினார். செங்கல்பட்டு கலெக்டராயிருந்த திரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையும், 1892-ல் பிறந்த அரசாணையும் அந்தக் காலத்தவை. பஞ்சமி நிலம் என்று இன்றைக்கும் நாம் கேள்விப்படுகிறோமே, அதன் மூலம் அங்கே இருக்கிறது. இந்த அதிகாரத்தை நம் சபைச் சரித்திரங்களில் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்.

மயிலாப்பூரில் உள்ள கல்யாணி மருத்துவமனையும் இந்த மிஷனோடு சேர்ந்ததுதான். திவான் பகதூர் என். சுப்பிரமணியம் தம் தாயார் கல்யாணியின் நினைவாகக் கொடுத்த கொடையால் 1909-ல் அது உண்டாயிற்று.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். 1919-ல் தரங்கம்பாடியில் கூடிய இந்தியப் போதகர்கள், பிரிந்து நிற்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விடுத்தார்கள். பேச்சு 28 வருஷம் இழுத்தது. அதற்கு முன்னின்ற அசரியா அத்தியட்சர் 1945-ல் காலமானார். பலனை அவர் காணவில்லை. தேசம் விடுதலையடைந்து ஆறு வாரம் கழித்து, 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கர், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோருடன் இந்த மெதடிஸ்டுகளும் உள்ளே வந்தார்கள். பேராயர்களை ஏற்றுக்கொண்டார்கள். பெயரை விட்டார்கள். ராயப்பேட்டையில் வெஸ்லி என்ற பெயர்மட்டும் ஆலயத்துக்கும் பள்ளிக்கும் நின்றது. (வேப்பேரியில் மெதடிஸ்டு ஆலயம் இன்றும் இருக்கிறதே என்பீர்கள். அது அமெரிக்க மிஷன் வழிவந்தது. அவர்கள் இணைப்பில் சேரவில்லை.)

பெயர் போனதில் எனக்குக் குறையில்லை. ஜான் வெஸ்லியே 1791-ல் மரிக்கும்வரை ஆங்கிலிக்கக் குருவானவராகத்தான் இருந்தார். வேறொன்று போயிற்று, அதைத்தான் இந்த மருத்துவமனையில் நிற்கிறவனாக உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

1742-ல் பிரிஸ்டல் நகரத்தில் வெஸ்லியின் சபையாருக்கு ஆலயம் கட்டின கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்றார்கள். ஏழைகள் என்ன செய்வார்கள்? ஒருவர் எழுந்து, பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாரந்தோறும் நானே போய் வாங்குகிறேன், கொடுக்க இயலாதவருக்கு நானே போட்டுக் கட்டுகிறேன் என்றார். அப்படி வீடு வீடாகப் போனவர்கள் பென்னியை மட்டும் காணவில்லை. வியாதி, குடி, சண்டை, பசி எல்லாவற்றையும் கண்டார்கள். வகுப்புக் கூட்டம் என்ற ஏற்பாடு இப்படிப் பிறந்தது. மெதடிஸ்டுகள் போன இடமெல்லாம் அது கூடப் போயிற்று. புதிதாய்ப் பட்டணத்துக்கு வந்து ஒண்டுக்குடித்தனம் இருக்கிறவனை வாரம் ஒருமுறை பேர்சொல்லி விசாரிக்க ஒரு ஆள் இருந்தார்.

இதை 1947-ல் யாரும் விலையாகக் கேட்கவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, இங்கிலாந்தில் அது தளர்ந்துவிட்டது. இன்று ராயப்பேட்டையிலும் பிராட்வேயிலும் ஞானஸ்நானம் பெற்றவர்களின் பிள்ளைகள் தாம்பரம், ஆவடி, வேளச்சேரி என்று குடிபோய்விட்டார்கள். போதகர் ஒருவர் அத்தனை வீட்டுக்கும் எப்படிப் போவார்? நம் ஊர் மட்டும் என்ன, லாஸ்பேட்டையும் முதலியார்பேட்டையும் முன்போலவா இருக்கின்றன?

வார்டுகளைச் சுற்றிவரும்போது எந்தச் சபை என்று கேட்பேன். பெரிய சபையின் பேரைச் சொல்வார்கள். அங்கிருந்து யாராவது வந்தார்களா என்றால், "அவங்களுக்குத் தெரியாதுங்க ஐயா" என்பார்கள். கட்டில் பக்கத்தில் துணைக்கு ஆளில்லாமல் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் உண்டு.

உங்கள் காணிக்கையால் மருந்து வாங்குகிறோம், ஏழைகளின் பில் கட்டுகிறோம். அதோடு இன்னொன்றும் கேட்கிறேன். உங்களில் சிலர் வாரத்தில் ஒரு பிற்பகல், நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை, இங்கே வரவேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டு கட்டில். எந்த மதத்தாரானாலும் சரி, பிரசங்கம் வேண்டாம், பேர் கேட்டு, சாப்பிட்டாரா, வீட்டுக்குச் சொல்லியனுப்ப வேண்டுமா என்று விசாரித்தால் போதும். ஆராதனை முடிந்ததும் வராந்தாவில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பெயரும் வரக்கூடிய கிழமையும் எழுதிவிட்டு, அதன்பிறகு காப்பிக்குப் போங்கள்.