இரண்டாம் சுற்று வாக்கு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



1959ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்திருந்தபோது, திருவனந்தபுரத்தில் நம்மின மாணவர் பயின்ற பள்ளி ஒன்றுக்குச் சென்றார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் என்று பள்ளித் தலைவர் அவரை அறிமுகம் செய்துவைத்தார். முதலில் கிங் திடுக்குற்றார். தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்தபின் அது மெய்யே என்று ஏற்றார். 1965இல் அட்லாண்டா நகரத்து எபினேசர் திருச்சபையில் அவரே இதனைச் சொன்னார். அதே திருச்சபையின் போதகர் ராபேல் வார்னாக், ஜார்ஜியா மாநிலத்திலிருந்து அமெரிக்கச் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வரலாற்றை இன்று பேச எடுத்துக்கொண்டுள்ளோம்.

நம் நாட்டு மாநிலங்களவை உறுப்பினரைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். அமெரிக்கச் செனட்டிலும் முன்பு அவ்வாறே இருந்தது. 1913இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, உரிமை மக்கள் கைக்கு வந்தது. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி, மாநிலத்துக்கு இருவர், பதவிக்காலம் ஆறு ஆண்டு. அங்கே தனித்தொகுதி கிடையாது. ஜார்ஜியாவில் கறுப்பின மக்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு ஒன்றுபட்டாலும் மாநிலத்தின் பாதி ஆகாது.

இத்துடன் இன்னொரு பூட்டும் இருந்தது. பல மாநிலங்களில் அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர். ஜார்ஜியாவிலோ பாதிக்கு மேல் பெற வேண்டும். பெறாவிடில் முதலிருவருக்கும் மீண்டும் வாக்கெடுப்பு. 1964இல் சட்டமான இவ்விதிக்காக முன்னின்று வாதாடியவர் டென்மார்க் குரூவர் என்னும் சட்டமன்ற உறுப்பினர். 1958இல் கறுப்பின வாக்குகளால் தாம் தோற்றதாகக் கருதியவர் அவர். வெள்ளையர் வாக்குகள் பலருக்கிடையே சிதறும்போது கறுப்பினத்தவர் ஒருமித்து ஒருவரை முன்னுக்குக் கொண்டுவந்து விடுவர். இரண்டாம் சுற்று வைத்தால் சிதறியவை மீண்டும் ஒன்றுகூடும் என்பது கணக்கு. விதியின் எழுத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இத்தகைய விதிகளே நீடித்து வாழ்கின்றன.

இரண்டாம் சுற்றுக்கு ஏழைகள் மீண்டும் வருவதில்லை என்பதும் அக்கணக்கில் உதவிற்று. 2008 செனட் தேர்தலின் முதற்சுற்றில் இருவருக்குமிடையே மூன்று விழுக்காடே வேறுபாடு. வாக்களித்தோர் ஏறத்தாழ 37 இலட்சம். இரண்டாம் சுற்றுக்கு வந்தோர் 21 இலட்சம். வேறுபாடு பதினைந்து விழுக்காடாக விரிந்தது.

பன்னிரண்டு வருடங்கள் கழித்து, 2020 நவம்பரில், நடந்தது வேறு. சவானா நகரின் அரசுக் குடியிருப்பில், பன்னிரு மக்களுள் பதினொன்றாம் பிள்ளையாய் வளர்ந்த வார்னாக்குக்கு முதற்சுற்றில் கிடைத்தது 33 விழுக்காடு. எதிரணி வாக்கு இரு பெரும் வேட்பாளருக்கிடையே பிரிந்திருந்தது. குரூவர் அஞ்சிய நிலை அப்படியே அமைந்தது. அவர் அமைத்த பூட்டும் அப்படியே விழுந்தது. 2021 ஜனவரி 5 அன்று இரண்டாம் சுற்று. வந்தவர்கள் 44 இலட்சத்துக்கும் மேல்! வார்னாக் 93,000க்கும் மேற்பட்ட வாக்குகளால் வென்று, ஜார்ஜியாவின் முதல் கறுப்பினச் செனட்டர் ஆனார். இளமையில் பிறர் நிலத்தில் பருத்தி எடுத்த கைகள் அவருடைய தாயாரின் கைகள்.

இது ஒரு தேர்தலின் ஆரவாரத்தால் விளைந்ததன்று. 2018இல் ஆளுநர் பதவிக்கு நின்று ஏறத்தாழ 55,000 வாக்குகளில் தோற்ற ஸ்டேசி ஏப்ராம்சும் அவரைப் போன்ற பலரும் பல்லாண்டு வீடு வீடாகச் சென்று வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்திருந்தனர். இரு சுற்றுக்கும் இடையிலும் டிசம்பர் 7 வரை புதியோர் பதிவு செய்ய வழியிருந்தது, அவ்வழியும் பயன்பட்டது.

இவ்விடத்தில் நம் வரலாற்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1932 பூனா ஒப்பந்தத்திலும் இரு சுற்றுகள் உண்டு. முதற்சுற்றில் நம் மக்கள் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்வர். இரண்டாம் சுற்றில் எல்லாரும் சேர்ந்து அந்நால்வருள் ஒருவரைத் தேர்வர். முதற்சுற்றில் நம்மவரின் நம்பிக்கையைப் பெற்றவர் இரண்டாம் சுற்றில் பிறர் வாக்கால் வீழ்வதை 1946 தேர்தலில் கண்டு அண்ணல் அம்பேத்கர் கடுமையாகக் கண்டித்தார். இன்றைய தனித்தொகுதியில் முதற்சுற்று இல்லை. நிற்பவர் எல்லாரும் நம்மவரே. நம்மவருள் எவர் என்பதை முடிவு செய்வதில் நம் கை எவ்வளவு என்பதே கேள்வி.

அக்கேள்வி ஜார்ஜியாவிலும் 2022இல் எழுந்தது. எதிரணி, புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரரான ஹெர்ஷல் வாக்கரை நிறுத்தியது. அவரும் கறுப்பினத்தவரே. ஆயினும் கறுப்பின வாக்காளரில் மிகப் பெரும்பாலோர் வார்னாக்குக்கே வாக்களித்தனர். தோலைப் பாராமல், தமக்காகப் பேசப் போகிறவர் எவர் என்று பார்த்தனர். நம் தனித்தொகுதி வாக்காளரும் இதைத்தானே பார்க்க வேண்டும்?

அப்போது எவரும் பாதியைத் தொடவில்லை. மீண்டும் இரண்டாம் சுற்று. இதற்குள் 2021இன் புதுச் சட்டம் இடைவெளியை ஒன்பது வாரத்திலிருந்து நான்கு வாரமாகக் குறைத்திருந்தது. முதற்சுற்றுக்கு முந்திய நாளோடு பதிவும் முடிந்துவிட்டது. புதிதாக ஒரு பெயரும் சேர்க்க முடியாது. கூலிக்குச் செல்வோர்க்கு ஏற்ற சனிக்கிழமை முன்வாக்கும் விடுமுறையைக் காட்டி மறுக்கப்பட்டது. அவ்விடுமுறை முன்னர் எவர் பெயரால் இருந்தது தெரியுமா? அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் தளபதி ராபர்ட் லீயின் பெயரால்! வார்னாக் தரப்பினர் வழக்குத் தொடுத்து அந்நாளைப் பெற்றனர். டிசம்பர் 6 அன்று அவர் மீண்டும் வென்றார். பட்டியலில் முன்பே ஏறியிருந்த பெயர்களே அவரைக் காத்தன.

நம் நாட்டில் பெயர் சேர்க்க முன்பு ஜனவரி முதல் நாள் ஒன்றே தகுதி நாள். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் நாள்களும் தகுதி நாள்களாகும். நம் பிள்ளைகளில் பதினெட்டு நிறைந்தும் பட்டியலில் ஏறாதவர் இவ்வரங்கிலேயே இருப்பர். படிவம் 6 நூலக அறையில் வைக்கப்பட்டுள்ளது. நிரப்பிக் கொடுக்க நம் ஆசிரியர்கள் மாலை ஏழு மணி வரை அங்கே இருப்பார்கள். வயதுச் சான்றும் இருப்பிடச் சான்றும் உடன் கொண்டுவர வேண்டுகிறோம்.