அலைக்கு எல்லைக்கோடு தெரியாது: டி.வி. காலி செய்த இடத்தில் மொபைல் குடியேறிய கதை

(தொழில்நுட்ப அணியின் இணையவழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அலைக்கற்றைன்னு சொன்னதும் ஏலம், கோடி, வழக்கு, இதுதான் நமக்கு ஞாபகம் வரும். இன்னைக்கு வேற ஒரு கேள்வி கேட்கிறேன். ஒரு அலைக்கற்றையில் ஏற்கெனவே டி.வி. ஓடிக்கிட்டு இருக்கு. அதை எடுத்து மொபைலுக்குக் கொடுக்கணும். பக்கத்து நாட்டிலும் அதே அலைவரிசையில் டி.வி. ஓடுது. நம்ம பக்கம் மட்டும் ஆர்டர் போட்டா வேலை முடிஞ்சிடுமா?

முடியாது. நம்ம கடலோர மாவட்டத்துப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. 80-களில் ஆன்டெனாவைத் திருப்பி வைத்து இலங்கையின் ரூபவாஹினி பார்த்த கதையைச் சொல்வாங்க. பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாமல் அலை கடல் தாண்டி வந்தது. பொழுதுபோக்குக்கு அது நல்லதுதான். ஆனா அதே அலைவரிசையில் இந்தப் பக்கம் மொபைல் டவர் வைத்தால் ரெண்டு பேருக்கும் தலைவலி.

இந்தச் சிக்கலை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூணு நாடும் சேர்ந்து எப்படித் தீர்த்தாங்கன்னு பார்ப்போம்.

முதலில், டி.வி. இருந்த இடத்துக்கு ஏன் இவ்வளவு போட்டி? 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அரை மீட்டர். 5ஜிக்குப் பயன்படும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 9 சென்டிமீட்டர்கூட இல்லை. அலைவரிசை குறையக் குறைய சிக்னல் தூரமாகப் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வரும். குறைந்த டவரில் நிறைய கிராமங்களைத் தொடலாம். அந்த நல்ல இடத்தில்தான் பல பத்தாண்டுகளாக டி.வி. உட்கார்ந்திருந்தது.

அமெரிக்காவில் 2012-ல் இதற்குச் சட்டம் வந்தது. 2016 மார்ச்சில் தொடங்கி 2017 மார்ச்சில் முடிந்த ஏலம், ரெண்டு பக்கமாக நடந்தது. ஒரு பக்கம் தலைகீழ் ஏலம். அரசு டி.வி. நிலையங்களிடம், "இவ்வளவு தர்றோம், இடத்தை விடுறீங்களா?"ன்னு கேட்டு, விலையைக் குறைத்துக்கொண்டே வரும். இன்னொரு பக்கம் மொபைல் நிறுவனங்கள் விலையை ஏற்றிக்கொண்டே போகும். முடிவில் 38 முதல் 51 வரையிலான 14 சேனல்கள் காலியாகின. சேனலுக்கு 6 மெகாஹெர்ட்ஸ், ஆக மொத்தம் 84. வந்த தொகை சுமார் 1,980 கோடி டாலர். அதில் 1,005 கோடி டாலர், இடம் விட்ட 175 நிலையங்களுக்கே போனது. அரசுக் கருவூலத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல்.

ஆனா கதை இங்கே முடியல. மீதியுள்ள நிலையங்களை நெருக்கி உட்கார வைக்கணுமே! 987 நிலையங்கள் புதிய சேனலுக்கு மாறின. பத்துக் கட்டம், 39 மாதம். டவர் ஏறி ஆன்டெனா மாற்றுகிற செலவுக்கு முதலில் 175 கோடி டாலர் ஒதுக்கி, போதாதுன்னு 2018-ல் இன்னும் 100 கோடி சேர்த்தாங்க.

டெட்ராய்ட் இந்தக் கரை, கனடாவின் வின்ட்சர் அந்தக் கரை, நடுவில் ஒரு ஆறு மட்டும்தான். தெற்கே மெக்சிகோவின் டிவானா நகரத்திலிருந்து, அமெரிக்காவின் சான் டியேகோவுக்காகவே பல பத்தாண்டுகள் ஆங்கிலத்தில் டி.வி. ஒளிபரப்பானது. எல்லை அப்படிப்பட்டது. அதனால்தான் ஏலத்துக்கு முன்பே, 2015-லேயே, அமெரிக்கா ரெண்டு பக்கத்து நாட்டோடும் பேசி முடித்தது: 37-ஆம் சேனலுக்குக் கீழே டி.வி., மேலே மொபைல். கனடா தன் நிலையங்களையும் சேர்த்தே நகர்த்தியது. மெக்சிகோவும் அதே கோட்டை ஏற்றது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். சேனலை நகர்த்தலாம். ஆனா பழைய டி.வி. மட்டுமே உள்ள வீட்டை என்ன செய்வது?

இடத்தைக் காலி செய்வதற்கு முதல் படி, அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்குப் போவது. அமெரிக்கா 2009 பிப்ரவரியில் நிறுத்துவதாக இருந்தது. பெட்டி வாங்க வீட்டுக்கு ரெண்டு வரை 40 டாலர் கூப்பன் கொடுத்தாங்க. கூப்பன் பணம் தீர்ந்து மக்கள் வரிசையில் நின்றபோது, தேதியையே ஜூன் 12-க்குத் தள்ளி வைத்தாங்க.

மெக்சிகோவில் 2013 மே மாதம் முதல் நகரமாக டிவானாவில் நிறுத்தினாங்க. தேர்தல் நெருங்கிய நேரம், பல வீடுகளில் கருவி இல்லை. சில நாளிலேயே பழைய ஒளிபரப்பைத் திரும்பப் போட்டு, ஜூலையில்தான் மறுபடி நிறுத்த முடிந்தது. அந்தப் பாடம் சட்டத்திலும் தெரிந்தது: வசதியில்லாத வீடுகளில் 90 சதவீதத்துக்காவது டிஜிட்டல் வசதி சேர்ந்த பிறகே அனலாக்கை நிறுத்தணும். அரசு ஏறக்குறைய ஒரு கோடி டி.வி.க்களை ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஓட்டுக்காகக் கொடுக்கிறாங்கன்னு அங்கேயும் விமர்சனம் வந்தது. இலவச டி.வி.யைச் சுற்றி வருகிற சண்டை நமக்குப் புதுசா என்ன! ஆனா 2015 டிசம்பர் 31-ல் பெரிய நிலையங்களின் அனலாக் நின்றபோது, அந்த வீடுகளில் திரை இருண்டு போகவில்லை.

இது நமக்கு எதுக்குன்னு கேட்பீங்க. நம்ம நாட்டில் 2022 ஏலத்தில் 600 மெகாஹெர்ட்ஸை யாரும் கேட்கவில்லை. 700-ஐ 2016-ல் ஒருத்தர்கூட தொடவில்லை, 2022-ல் ஜியோ நாடு முழுக்க வாங்கியது. 600-க்கும் ஒருநாள் ஆள் வரும். அன்னைக்கு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருப்பது சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். கொழும்போடு பேசாமல் டெல்லி மட்டும் முடிவெடுத்தால், சிக்னல் கோளாறு முதலில் வருவது நம்ம மீனவ கிராமத்துக்கு.

அதனால ஒரு வேண்டுகோள். அலைக்கற்றைச் செய்தி வந்தால் "எத்தனை கோடிக்குப் போச்சு?" என்பதோடு நிறுத்தாதீங்க. பக்கத்து நாட்டோடு பேசினீங்களா? இடம் மாறுகிறவர் செலவு யார் தலையில்? ஏழை வீட்டுக்கு மாற்று ஏற்பாடு போன பிறகுதானே ஸ்விட்சை அணைத்தீங்க? வாங்கிய கம்பெனி கிராமத்துக்கு டவர் போட்டதா? இதைக் கேளுங்க. விவாதத்துக்கு வர்றவங்களையும் கேட்க வைங்க.

காற்றில் போகிற அலை எந்தக் கம்பெனி சொத்தும் இல்லை, மக்கள் சொத்து.

#அலைக்கற்றை_மக்கள்_சொத்து