ரஸ்ம்நாமா: இரு கைகளின் நெசவு



ஆரணிப் பட்டின் கரையில் மின்னும் 'ஜரிகை', பொன்னைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆரணி ஜாகீர் என்ற பழம்பெயரிலுள்ள 'ஜாகீர்' என்பதும் பாரசீகமே. ஆற்காட்டு நவாபுகளின் அரசவையில் வழங்கிய மொழியும் அதுவே. அம்மொழிக்கு மகாபாரதம் சென்ற வரலாறு மொழிபெயர்ப்பாளர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

1582இல் பேரரசர் அக்பர் மகாபாரதத்தைப் பாரசீகத்தில் ஆக்கப் பணித்தார். பண்டிதர்கள் மூலத்தைப் படித்து இந்தியில் பொருள் உரைத்தனர்; அதனைக் கேட்டு நகீப் கான், முல்லா ஷீரி, சுல்தான் ஹாஜி தானேசரி, பதாயூனி ஆகியோர் பாரசீகத்தில் எழுதினர். 1584இல் முற்றுப்பெற்ற அந்நூல் 'ரஸ்ம்நாமா', அதாவது போர் நூல், எனப் பெயர் பெற்றது. 1587இல் முன்னுரை வரைந்த அபுல் பசல், இரு சமயத்தாரிடையே நிலவிய பகைமை தணிய வேண்டுமென்பதே அரசரின் நோக்கம் என்றார்.

எனினும், அப்பணி எல்லோருக்கும் உவப்பானதாக இல்லை. பதாயூனி மனமின்றியே எழுதினார். தம் வெறுப்பைத் தம் வரலாற்று நூலில் மறைக்காமல் பதிவும் செய்தார். ஆயினும் அரசாணையின்படி இராமாயணத்தையும் அவரே பெயர்த்தார். பாரசீக நூலில் பகவத் கீதை சில பக்கங்களாகச் சுருங்கிற்று. கதை எளிதில் கடந்த எல்லையைத் தத்துவம் எளிதில் கடக்கவில்லை. உபநிடதங்கள் ஐம்பது முழுமையாகப் பாரசீகம் புக, 1657இல் தாரா ஷிகோவின் முயற்சி வேண்டியிருந்தது.

இவ்வரலாற்றில் பாராட்டத்தக்க செயலொன்று உண்டு. தேவ மிசிரர், சதாவதானர், மதுசூதன மிசிரர், சதுர்புஜர், அந்தணராய்ப் பிறந்து இஸ்லாம் தழுவிய ஷேக் பாவன் என, பொருள் உரைத்தவர் பெயர்களை நகீப் கான் நூலின் இறுதியில் எழுதிவைத்தார். பிற்காலத்தார் பலர் எழுதியவரை மட்டுமே போற்றினர்; உரைத்தவரை மறந்தனர்.

பாவு இன்றி ஊடை மட்டும் துணியாகாது. இதனை ஆரணித் தறிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் சேலை ஊரின் பெயரால் விற்கிறது. நெய்தவர் பெயர் அதில் இல்லை. மொழிபெயர்ப்புக்கும் அந்நிலை நேரலாகாது. பிறமொழிக் கவிதையை ஒருவர் பொருள் சொல்ல, மற்றொருவர் தமிழாக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அங்ஙனம் செய்யும் கவிஞர், பொருள் சொன்னவர் பெயரையும் தம் நூலில் பொறித்தல் கடன். நானூறு ஆண்டுகட்கு முன்பே நகீப் கான் அதனைச் செய்து காட்டினார்.