பவுணிலே ஒரு சின்ன எழுத்து
(புத்தாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சு)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. ஏ.எல். எடுத்ததோட படிப்பு நிண்டு போச்சு. இங்கை மொன்றியலிலை பக்டரி வேலை. கைவிசேடம் வாங்கிற நாளிலை காசைப் பற்றிக் கதையும் எண்டு சங்கத்தார் கேட்டவை. நான் கதைக்கப்போறது செலவழிக்கிற காசை அல்ல, சேர்க்கிற காசை. பவுண் காசு.

தாலிக்கொடி எத்தினை பவுண் எண்டு நாங்கள் கேட்கிறம். தமிழ்நாட்டிலை சவரன் எண்டு சொல்லுவினம். இரண்டும் ஒரே நாணயத்தின் பெயர்தான்: பிரித்தானியரின் தங்கக் காசு. 22 கரட், நிறை 7.988 கிராம், அதைத்தான் நகைக்கடையில் 8 கிராம் ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் அரசனின் அல்லது அரசியின் தலை. மற்றப் பக்கம் பெரும்பாலும் குதிரையில் இருந்து பறவைநாகத்தைக் குத்தும் வீரன்.

அந்தக் குதிரையின் காலடியைப் பாருங்கோ. ஆண்டு இலக்கத்துக்குச் சற்று மேலே, நிலம்போலக் கிடக்கிற கோட்டில், சில காசுகளில் ஒரு சின்ன எழுத்து இருக்கும். காசு எங்கே அடிக்கப்பட்டது எண்டு சொல்லுற எழுத்து அது. எழுத்து இல்லையெண்டால் பெரும்பாலும் லண்டன். எஸ் சிட்னி, எம் மெல்பேண், பி பேர்த், எஸ்.ஏ. தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா. ஐ எண்டால் பம்பாய். அங்கே 1918 ஆம் ஆண்டு மட்டும்தான் அடித்தார்கள், ஏறக்குறைய 13 லட்சம். சி எண்டால்? கொழும்பு எண்டு நினைச்சுப் போடாதேங்கோ. ஒட்டாவா! இங்கேயிருந்து இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டம்.

ஒட்டாவா நாணயசாலை 1908 தை மாதம் திறந்தது. 1919 வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, பவுண் அடித்தது. முதல் ஆண்டில் 636 காசுதான். 1911இல் இரண்டரை லட்சத்துக்கு மேல். 1916இல் ஆறாயிரத்துச் சொச்சம் அடித்தும், இண்டைக்கு மிஞ்சியிருப்பவை மிகக் கொஞ்சம். மற்றவை உருகிப் போய்விட்டன.

உருக்கினால் காசு அருமையாகும். அமெரிக்கர் ஒவ்வொரு அமைப்பிலும் ஒரு காசு வீதம் தொகுதி சேர்ப்பினம். அவர்களின் முதல் தங்கக் காசு 1795இல் பிலடெல்பியாவில் அடித்தது. 1834க்கு முந்தியவை கிடைப்பது கடினம். காசில் எழுதியிருந்த பெறுமதியைவிட அதிலிருந்த தங்கத்தின் விலை கூடிப்போனதால், கப்பலேற்றி உருக்கிப் போட்டார்கள். 1822ஆம் ஆண்டு ஐந்து டொலர்க் காசு 17,796 அடித்ததில் அறியப்பட்டவை மூன்றே மூன்று. அதில் ஒன்று 2021இல் 84 லட்சம் டொலருக்கு ஏலம் போனது.

நாங்களும் உருக்கிற ஆக்கள்தான். பொன்னுருக்கு எண்டு நல்ல நாள் பார்த்து, பவுண் காசைப் பத்தரிட்டைக் குடுத்துத்தானே தாலி செய்யிறம். சடங்கு வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. உருக்க முன்னம் ஒருக்கால் எழுத்தைப் பாருங்கோ எண்டுதான் சொல்லுறன். சாதாரண லண்டன் காசு உருகினால் பெரிய நட்டமில்லை, அதே தங்கம்தான்.

எங்கட அம்மாவிட்டை நாலு பவுண் காசு இருந்தது. அம்மம்மா குடுத்தது. என்னை வெளிக்கிடுத்தி விடுறதுக்கு நாலும் போச்சு. கடையிலை தராசிலை போட்டினம், நிறுத்தினம், காசை எண்ணித் தந்தினம். இந்த மண்டபத்திலை இருக்கிற எத்தினை வீட்டுக் கதை இது! அந்த நாலிலையும் என்ன எழுத்து இருந்தது எண்டு அம்மாவுக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. ராக்ஸ் காசு திரும்பி வாற நேரத்திலை ஒவ்வொண்டாய் நான் வாங்கத் தொடங்கினது அதாலைதான். ஏழு நாணயசாலையிலை ஆறு சேர்ந்திட்டுது. ஒட்டாவா 1919 இருக்குது. பம்பாய் இன்னும் அம்பிடேல்லை.

கனடாவும் குறைஞ்சதில்லை. 1912 முதல் 1914 வரை அடித்த ஐந்து, பத்து டொலர் தங்கக் காசுகள் மத்திய வங்கியின் பெட்டகத்தில் கிடந்தன. 2012இல் நல்லதாய் 30,000 மட்டும் தெரிந்தெடுத்து விற்பனைக்கு விட்டார்கள். மிச்சம் இரண்டு லட்சத்துக்கு மேல் உலைக்குப் போனது.

வீட்டிலை பழைய பவுண் இருந்தால் சவர்க்காரமும் பிரஷ்சும் போட்டு மினுக்காதேங்கோ. சேர்க்கிறவன் கீறல் விழுந்ததை விரும்பமாட்டான். மாலையில் கோர்க்க வளையம் ஒட்டினதுக்கும் மதிப்புக் குறைவு. நிறை சரி எண்டதுக்காக நல்ல காசு எண்டும் நம்பேலாது. உண்மைத் தங்கத்திலேயே அடித்த போலிகள் உண்டு. எழுத்து இருந்தால் இரண்டு நாணயக் கடையிலாவது காட்டி விலை கேளுங்கோ.

தேத்தண்ணி நேரம் நான் வாசலடி மேசையிலை இருப்பன். பூதக்கண்ணாடி கொண்டு வந்திருக்கிறன். கழுத்திலை கிடக்கிறதைக் கழற்றத் தேவையில்லை. கண்ணாடியைத் தாறன், நீங்களே பாருங்கோ.